பதினொரு சதவீதம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் அத்தானைப் பற்றி யாரிடம் கேட்டாலும் அவருடைய பொறுமையைச் சொல்வார்கள், அடுத்த மூச்சில் என் வாயைச் சொல்வார்கள். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அக்காவைக் கட்டிக்கொண்டார். அன்று தொடங்கி என்னைப் ‘பட்டாசு’ என்றுதான் கூப்பிட்டார். இப்போது எனக்கு நாற்பத்தெட்டு. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையை இருபத்திரண்டு வருடமாகத் தனியாக நடத்துகிறேன். நாலு பேர் மரியாதையாகப் பேசுகிற இடத்தில்கூட அவர் பட்டாசே என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

அவருக்கும் ஒரு பெயர் உண்டு. கல்யாணத்தன்று மண்டபத்து லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளே எங்கள் பெரியப்பாவும் அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேரும். மாப்பிள்ளை புதுச் சட்டையோடு மொட்டை மாடிக்கு ஓடி, சக்கரத்தைக் கையால் சுற்றி அவர்களை இறக்கினார். அதற்கு முன்னால் கதவு இடுக்கில் வாயை வைத்து, “பயப்படாதீங்க, அரை மாடிதான்” என்று சொல்லியிருக்கிறார். ஆள் அரைமாடி ஆகிவிட்டார். சொந்தக்காரர்களிடமிருந்து அந்தப் பெயர் எப்படியோ தொழிலுக்கும் போய்ச் சேர்ந்தது. சட்டையில் கிரீஸ் கறையோடு நிற்கிற கல்யாணப் படத்தைத்தான் அக்கா கூடத்தில் மாட்டியிருக்கிறாள். வேறு நல்ல படமே இல்லையா என்று கேட்டால், மற்றதில் எல்லாம் அவர் அவராக இல்லை என்பாள்.

அத்தானோடு எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மானம் போகும். லிஃப்டுக்குள் நுழைந்ததும் சுவரில் காதை வைத்துவிடுவார். கூட நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இறங்கும்போது, “மூணாவது மாடிக் கதவுல உருளை தேஞ்சிருக்கு” என்று யாரும் கேட்காமலே சொல்வார். வீட்டில் ஒரு ஒயர் நம்பர் இல்லாமல் இருக்காது. மிக்ஸி ஒயரில் பதினாலு, டிவி ஒயரில் ஒன்பது, அக்காவின் தையல் மெஷினில் இருபத்திரண்டு என்று வெள்ளை வளையம் போட்டு வைத்திருப்பார். எனக்கு எந்த நம்பர் என்று ஒரு நாள் கேட்டேன். “உன்னைத் தொட்டா ஷாக் அடிக்கும், உனக்கு நம்பர் எல்லாம் கிடையாது, எச்சரிக்கைப் பலகைதான்” என்றார். அப்படியெல்லாம் பேசிக்கொள்கிற உறவாகத்தான் இருந்தது.

அவருடைய சொத்து என்றால் படங்கள்தான். முப்பத்தைந்து வருடத்தில் கை வைத்த லிஃப்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படம் போட்டு வைத்திருந்தார். கம்பெனிக்காரன் கொடுத்த படத்தை நம்ப மாட்டார். நடுவில் யார் யாரோ வந்து எதை எதையோ மாற்றியிருப்பார்கள், நான் கண்ணால் பார்த்ததுதான் கணக்கு என்பார். காகிதத்தில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். இருநூற்றுப் பதினெட்டு லிஃப்ட். ஓய்வு பெற்ற பிறகும் தினம் இரண்டு மூன்று பேர் போன் பண்ணுவார்கள். அண்ணே, ஜவுளிக்கடை லிஃப்டுல நாற்பத்தேழாம் நம்பர் ஒயர் எங்கே போகுது என்று கேட்பார்கள். அத்தான் கம்ப்யூட்டரைத் திறந்து இரண்டு நிமிடத்தில் பதில் சொல்வார். அந்த இரண்டு நிமிடத்துக்காக எங்கோ ஒருவன் இருட்டுக் குழிக்குள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான் என்று அவருக்குத் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், டிஸ்க் போய்விட்டால் இதெல்லாம் என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு வந்தது. நியாயமான பயம். நேராக என் கடைக்கு வந்தார். ஒரே விஷயத்தை இரண்டு டிஸ்க்கில் எழுதி வைக்கிற முறை ஒன்று இருக்கிறதாமே, ஒன்று செத்தாலும் இன்னொன்று பிழைக்குமாமே என்றார். ஆமாம், அதற்கு ரெய்டு என்று பெயர் என்றேன். அதை இரண்டு விதமாகச் செய்யலாம். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சாப்ட்வேரே இரண்டு டிஸ்க்கிலும் எழுதும். இல்லையென்றால் அதற்கென்று தனியாக ஒரு கார்டு வாங்கிச் செருகினால் அது எழுதும்.

நான் சாப்ட்வேர்தான் என்றேன். வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டர், இரண்டே டிஸ்க், அதற்குத் தனி மூளை வேண்டாம். முக்கியமாக, நாளைக்குக் கம்ப்யூட்டர் எரிந்து போனாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் உள்ளே இருப்பது தெரியும். கார்டு அப்படியில்லை. அது தன் பாஷையில் எழுதும். கார்டு செத்தால் அதே ரகக் கார்டு கிடைக்கிற வரைக்கும் டிஸ்க் நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. எதைச் செய்தாலும் மூன்றாவதாக ஒரு பிரதி எடுத்து வேறு வீட்டில் வையுங்கள் என்றும் சொன்னேன். தொண்டை வறளச் சொன்னேன்.

அத்தான் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஏனென்றால் ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டார் என்று அர்த்தம். லிஃப்டில் புரோகிராம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் கதவு பூட்டவில்லை என்றால் மோட்டாருக்குக் கரண்டே போகாது, அதைத் தடுப்பது இரும்பும் செம்பும்தான். கயிறு அறுந்தால் இரும்புத் தாடைதான் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும், அந்த நேரத்தில் புரோகிராமை யாரும் யோசனை கேட்பதில்லை. இதுதான் அவர் வாதம்.

“ஓட்டுறவன் கையிலயே காவலையும் குடுக்கக் கூடாது, பட்டாசு. காவல் தனியா இருக்கணும். கையால தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கணும்.”

லிஃப்டுக்கு அது சரி. ஆயிரம் முறை சரி. அதனால்தான் என்னால் அவரை முட்டாள் என்று திட்டவும் முடியவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற கடைக்காரனிடம் போய், கார்டைக் கையில் வாங்கி எடை பார்த்து, இரும்பு சார் இது, சாப்ட்வேர் எல்லாம் காற்று என்று அவன் சொன்ன வசனத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கூடப் பிறந்தவள் மாதிரி இருக்கிற நான் பதினாறு வருட அனுபவத்தோடு சொன்னது காற்று. முன்பின் தெரியாதவன் சொன்னது இரும்பு. இரண்டு மாதம் அந்த வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. மூன்றாவது பிரதி எடுத்தாரா என்று நான் அப்புறம் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும். வீம்பு.

ஆறு வருடம் கார்டு ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அத்தான் அதைச் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால்கூட எரிச்சலைத் தீர்த்திருப்பேன்.

இதற்கிடையில் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். போகாவிட்டால் மூச்சுத் திணறிவிடும். வீடு ஆறாவது மாடி. லிஃப்ட் இருக்கிறவரை அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. அந்தக் கட்டடத்து லிஃப்டையும் அத்தான்தான் பார்த்துக்கொண்டார். அதைச் செய்த கம்பெனியை மூடிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவரே பாதியை மாற்றி, அவரே படம் போட்டு வைத்திருந்தார்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் இடியும் மழையும். லிஃப்டின் மெஷின் அறை மொட்டை மாடியில் இருக்கிறது. அதன் கூரை ஒழுகுகிறது என்று அத்தான் கட்டடச் சங்கத்துக்கு நாலு முறை எழுதிக் கொடுத்திருந்தார். சங்கச் செயலாளர் மூன்றாவது மாடியில் இருக்கிறார். எழுதிக் கொடுத்ததை எல்லாம் பைலில் கோத்து வைத்திருந்தார், அவ்வளவுதான். லிஃப்டை ஓட்டுகிற மின்சாரப் பேனலுக்குள் தண்ணீர் இறங்கியது. எங்கோ பட்டென்று ஒரு சத்தம். லிஃப்ட் நின்றது. அதே அடியில் அத்தான் வீட்டுக் கம்ப்யூட்டரும் அணைந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பேனலைத் திறந்தார். பலகை கருகியிருந்தது. அதைவிட மோசம், ஒயர்களில் இருந்த நம்பர் வளையங்கள் உருகிப் போயிருந்தன. கதவுக்குள் ஒட்டியிருந்த படம் கஞ்சியாகக் கிடந்தது. நானூறு ஒயருக்கு மேல். படம் இருந்தால் பலகையை மாற்றி, ஒயர்களை மூன்று நாளில் கட்டிவிடலாம், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஒயராக ஆறு மாடிக் குழியிலும் தேடிப் போக வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார். புதுப் பேனல் சொல்லிவிட்டால் வர இரண்டு மாதம். படம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். கார்டு செத்திருந்தது. டிஸ்க் இரண்டும் நன்றாகச் சுற்றின.

நான் சும்மா இருந்தேனா? இருக்கவில்லை. இரும்பு என்ன சொல்கிறது, இரும்புத் தாடை எதைக் கவ்வியது என்று ஆடித் தீர்த்தேன். அக்கா சோபாவில் வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, “போதும்டி, நாளைக்கு நான் எப்படிக் கீழே போறதுன்னு யோசி” என்றாள்.

எனக்கு உடனே தோன்றியது சொன்னேன். மோட்டார் நன்றாகத்தானே இருக்கிறது, கதவுப் பாதுகாப்பைத் துண்டு ஒயர் போட்டு ஏமாற்றிவிட்டு, அக்கா ஒருத்தியை மட்டும் மெதுவாக இறக்கி ஏற்றலாமே. வாரத்துக்கு மூன்று நாள், யாருக்கும் தெரியப்போவதில்லை. அத்தான் என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் முப்பத்தைந்து வருடத்தில் ஒரு தடவைகூட அந்தத் துண்டு ஒயரைப் போட்டதில்லையாம். கதவு திறந்தபடியே பெட்டி நகர்ந்து ஆள் நசுங்கியதை அவர் பார்த்திருக்கிறார். உங்கள் கொள்கையைக் காப்பாற்ற அக்காவைச் சாகடிக்காதீர்கள் என்று கத்தினேன். அதற்கு அக்காதான் பதில் சொன்னாள்.

“அவர் அப்படி ஓட்டுற லிஃப்டுல நான் ஏற மாட்டேன். அவர் ஓட்டவும் மாட்டார். நீ தொண்டையைக் கெடுத்துக்காதே.”

ஆக, நாற்காலி. கை வைத்த மர நாற்காலி ஒன்றின் இரண்டு பக்கமும் இரும்புக் குழாயை வைத்து நட்டு போட்டு முடுக்கினார். சும்மா முடுக்கிவிட்டு உட்கார வைத்தாரா என்றால் இல்லை. அக்காவின் எடையைப் பார்த்து, அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து, அத்தனைக்கும் தண்ணீர் கேன்களை ஏற்றி, இரண்டு மாடி இறக்கி ஏற்றிச் சோதித்தார். லிஃப்டுக்கு அப்படித்தான் சோதிப்பார்களாம். படிக்கட்டில் நின்று எத்தனை கிலோ என்று சத்தமாகச் சொல்லி வேறு வைத்தார். என் எடையைக் கட்டடம் பூராவும் தண்டோரா போட்டுவிட்டார் என்று அக்காவுக்குக் கோபம். சனிக்கிழமை காலை நாங்கள் நாலு பேர் தூக்கினோம். முன்னால் அத்தானும் தரைத்தளத்தில் ரொட்டி சுடுகிற பேக்கரிக்காரரும். பின்னால் காவலாளியும் நானும். நூற்றெட்டுப் படி. அத்தானுக்கு அறுபத்தாறு வயது. கீழ்ப்பக்கம்தான் பாரம் அதிகம், அதைத்தான் பிடிப்பேன் என்று அவர் விடவில்லை. சாயங்காலம் அதே நூற்றெட்டுப் படி மேலே.

இனி சொல்லப்போவது என் கதை. சொல்ல வாய் வரவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அக்காவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, நடுவில் கிடைத்த மத்தியானத்தில் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பழைய சாமான் விற்கிறவரிடம் அலைந்து அதே ரகக் கார்டைப் பிடித்திருந்தேன். செருகினேன். டிஸ்க்குகளை மாட்டினேன். நீலத் திரை வந்தது. டிஸ்க்கில் ஏற்கெனவே ஓர் அமைப்பு இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளவா, அல்லது துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவா என்று கேட்டது. என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் வாய் ஓயாமல் சொல்கிற புத்தி ஒன்று உண்டு. டிஸ்க் போனால் முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள், பதற்றத்திலோ கோபத்திலோ எந்தச் சாவியையும் தொடாதீர்கள்.

அத்தான் பின்னால் நின்று, அந்தக் கார்டு ஆறு வருஷம் ஒழுங்காத்தானே ஓடுச்சு, இடி விழுந்தா எதுதான் தாங்கும், உன் சாப்ட்வேர் மட்டும் தாங்கியிருக்குமா என்றார். பாவம், முதல் தடவையாகத் தன் பக்கத்தைச் சொன்னார். நான் திரையைப் பார்க்காமல் அவர் பக்கம் திரும்பி, சாப்ட்வேராக இருந்திருந்தால் நேற்றே இந்த டிஸ்க்கை என் மடியில் வைத்துப் படம் காட்டியிருப்பேன், உங்கள் பிடிவாதத்துக்கு என் அக்கா நாற்காலியில் தொங்குகிறாள் என்று பொரிந்து தள்ளினேன். தள்ளிக்கொண்டே சாவியை அழுத்தினேன். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டே வரி. எந்த வரியில் வெளிச்சம் நின்றது என்று பார்க்கவில்லை. அது இன்னொரு தடவை, நிச்சயமா என்று கேட்டது. அதற்கும் அழுத்தினேன். காவலாளி வந்து செயலாளர் கூப்பிடுகிறார் என்றதும் அத்தான் கீழே போனார்.

திரும்பிப் பார்த்தபோது கோடு ஓடிக்கொண்டிருந்தது. துடைக்கிறது. பதினொரு சதவீதம். மின்சார ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். அந்த ஒயரில் அவர் போட்ட நம்பர் ஆறு. அதைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

துடைத்தது பதினொன்று. மிச்சம் எண்பத்தொன்பது அப்படியே இருக்கிறது. டிஸ்க்கிலிருந்து விஷயத்தைத் தோண்டி எடுக்கிற இடங்கள் இருக்கின்றன, எனக்கே ஒருவரைத் தெரியும். அவர் ஞாயிறு திறக்க மாட்டார், திங்கட்கிழமை கொண்டுபோனால் முக்கால்வாசி கிடைத்துவிடும். எல்லாம் எனக்குத் தெரியும். அத்தான் மேலே ஏறி வந்து, “போச்சா?” என்று கேட்டபோது, நான் செய்ய வேண்டியதெல்லாம் நடந்ததை நடந்தபடி சொல்வதுதான். நான் சொன்னது இது.

“கார்டு டிஸ்க் ரெண்டையும் தின்னுடுச்சு, அத்தான். ஒண்ணுமில்லை இனிமே. இதுக்குத்தான் அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன்.”

அவமானம் பாதி. மிச்சப் பாதி என்ன தெரியுமா? ஆறு வருடமாகக் காத்திருந்த சண்டையில் ஜெயிக்கிற ருசி. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பிடித்து நாலு அறை விடத் தோன்றுகிறது. திங்கட்கிழமை வந்து, சும்மா ஒரு முயற்சி பண்ணிப் பார்க்கிறேன் என்று டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போய், படங்களை மீட்டுக் கொண்டுவந்து கொடுத்து, நல்ல பெயரும் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அப்போதே டிஸ்க்கை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் ஆகியிருக்காது. எடுத்தால் எதற்கு என்று கேட்பாரே என்று எடுக்கவில்லை.

திங்கட்கிழமை போனேன். டிஸ்க் இரண்டும் மேசைமேல் செய்தித்தாளில் இருந்தன. இரண்டின் நடுவிலும் சுத்தமாக ஒரு துளை. அந்தப் பக்கம் பார்த்தால் இந்தப் பக்கம் தெரிந்தது. லிஃப்ட் வேலையில் அது ஒரு வழக்கமாம். பிரேக் கம்பிச்சுருளோ, கயிற்றுக் கவ்வியோ, கெட்டுப்போனது என்று கழித்துவிட்டால் உடனே டிரில் போட்டுத் துளைத்துவிட வேண்டும். சும்மா வைத்தால் பார்க்க நல்ல சாமான் மாதிரியே இருக்கும், வேறு ஒருத்தன் எடுத்து வேறு ஒரு லிஃப்டில் மாட்டிவிடுவான், அதில் ஆள் சாவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துளைத்தேன், நீ யாருக்காவது தெரியாமல் மாட்டிவிடக் கூடாதே என்றார். தூளைக்கூடக் கூட்டி அள்ளியிருந்தார். நான் தலையாட்டினேன்.

அப்புறம் அவர் குழிக்குள் இறங்கினார். ஒவ்வொரு ஒயராகப் பிடித்து, மாடி மாடியாகத் தேடி, நம்பர் எழுதி, பென்சிலால் படம் போட்டார். காலை எட்டு மணிக்கு இறங்கினால் சாயங்காலம்தான் ஏறுவார். டயாலிசிஸ் நாட்களில் நாற்காலி தூக்கிவிட்டு இறங்குவார். போன் பண்ணுகிற பழைய ஆட்களிடம், படம் இல்லைப்பா, போயிடுச்சு, என் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன். கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் திரும்பி வரவேயில்லை. அந்தக் கார்டு விற்றவன் கடை வாசலில் போய் நின்று ஒரு மூச்சு கத்திவிட்டும் வந்தேன். அவன் மலங்க மலங்க விழித்தான். ஆறு வருடம் ஓடிய சாமானுக்கு யார் வந்து கத்துவார்கள்?

அடுத்த சனிக்கிழமை. நாலாவது முறை. மூன்றாவது மாடித் திருப்பத்தில் அத்தானுக்கு மூச்சு வாங்கியது. நாற்காலியைத் தரையில் வைத்தோம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா தன் துண்டை எடுத்து அவர் பிடரியைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்துச் செயலாளர் கதவைத் திறந்துகொண்டு செய்தித்தாளோடு வந்தார். ஊருக்கே லிஃப்ட் பார்க்கிறவர் வீட்டு அம்மாவையே தூக்கிக்கொண்டு போகிற நிலைமையாகிவிட்டதே என்று உச்சுக் கொட்டினார். கூரையைச் சரி பண்ணாத மனிதர்! நான் அவரைக் கடித்துக் குதறியிருப்பேன். அதற்குள் அத்தான் நிமிர்ந்தார்.

“தப்பு என்னோடது, சார். என் மச்சினி அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான் கேக்கலை. கேட்டிருந்தா இவ இப்படித் தொங்க வேண்டியதில்லை.”

சொல்லிவிட்டு அக்காவின் காலில் நழுவிய செருப்பைச் சரியாக மாட்டிவிட்டார். என்னால் அதற்குமேல் முடியவில்லை.

“கார்டு தின்னலை, அத்தான்” என்றேன். “நான்தான் துடைச்சேன். உங்களோட சண்டை போட்டுக்கிட்டே தப்பான வரியில அழுத்திட்டேன்.”

பேக்கரிக்காரர் தரையைப் பார்த்தார். அத்தான் கோபப்படவில்லை. விபத்து நடந்த இடத்தில் கேள்வி கேட்கிற குரலில் கேட்டார்.

“முழுசாத் துடைச்சுதா?”

“இல்லை. பதினொரு சதவீதத்துல நிறுத்திட்டேன்.”

“மிச்சத்தை எடுத்திருக்கலாமா?”

“எடுத்திருக்கலாம். அதுக்கு ஆள் இருக்கு.”

“நான் துளை போடறதுக்கு முன்னாடி இது உனக்குத் தெரியும்.”

அது கேள்வி இல்லை. தெரியும் என்றேன். அவர் குழுவில் தப்பு பண்ணியவனுக்குத் திட்டுக்கூடக் கிடையாது, மறுநாளும் வேலைக்கு வரலாம். பண்ணிய தப்பை மறைத்தவன்தான் அப்புறம் குழிக்குள் இறங்க முடியாது. சொந்தத் தம்பியையே அப்படி நிறுத்தியவர். இது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அது லிஃப்ட் வேலைக்கு என்று நினைத்திருந்தேன்.

நான் குனிந்து என் பக்கத்துக் குழாயைப் பிடித்தேன்.

“கையை எடு” என்றார்.

எடுக்கவில்லை. எனக்குப் புரியவில்லை. கீழே இன்னும் ஐம்பத்து நாலு படி இருக்கிறது, வண்டி நிற்கிறது, அக்கா போயாக வேண்டும்.

“பிடிக்கிறவங்களை நம்பித்தான் அவ உட்கார்ந்திருக்கா. கையை எடு.”

எடுத்தேன். அக்காவைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எனக்கும் அம்மாவுக்கும் நடுவில், எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில், எனக்கும் உலகத்துக்கும் நடுவில் வந்து நின்று பேசியவள் அவள். அவள் மடியில் இருந்த பையை எடுத்து என்னிடம் நீட்டி, “இதை எடுத்துட்டு வா” என்றாள். அவ்வளவுதான். செயலாளர் செய்தித்தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, நான் பிடித்த இடத்தைப் பிடித்தார். அந்த ஆள்! பிடிக்கத் தெரியாமல் பிடித்தார். அத்தான் பொறுமையாக, விரலை இப்படி மடக்குங்க சார் என்று சொல்லிக் கொடுத்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு நாலு படி தள்ளிப் பின்னால் இறங்கினேன். அழுதேனா என்று கேட்காதீர்கள். கோபம்தான் வந்தது. இப்போதும் கோபம்தான் வருகிறது, யார்மேல் என்று கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பத்தொன்பதாவது நாள் லிஃப்ட் ஓடியதாக பேக்கரிக்காரர் சொன்னார். அத்தான் கதவுப் பாதுகாப்பை நூறு தடவை சோதித்துவிட்டுத்தான் அக்காவை ஏற்றினாராம். கம்ப்யூட்டருக்கும் புதிதாக இரண்டு டிஸ்க் வாங்கிவிட்டார். இந்தத் தடவை கார்டு இல்லை, சாப்ட்வேர்தான். மூன்றாவது பிரதி பேக்கரிக்காரர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நான் சொன்ன முறை, ஒரு வார்த்தை மாறவில்லை. மாட்டிக் கொடுத்தவன், அந்தக் கார்டு விற்ற கடைக்காரன். என்னைவிட்டு அவனைக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் போகாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்கப் போகிறேன். கதவைத் திறப்பவர் அத்தான்தான். உள்ளே வா என்கிறார், உட்காரச் சொல்கிறார், அவரே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறார், கடை எப்படிப் போகிறது என்று விசாரிக்கிறார். பட்டாசு என்று கூப்பிடுவதில்லை. டீ போடப் போவதற்கு முன்னால், கம்ப்யூட்டர் இருக்கிற அறையின் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்.